ஓசு எண்ட சொல்லுக்குப் பதிலாய்

மூண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கினம். நான் இருபத்தேழு வருசம் வேலை செய்த மொழிபெயர்ப்பு ஏஜென்சி, புதுசாய் வாற பிள்ளையளுக்கு ஒரு சின்னக் கைநூல் அடிக்குதாம். இப்ப போனுக்குள்ளை மெசினே மொழிபெயர்க்குது, பிறகேன் ஆள் எண்டு கேக்கிறவைக்கும் அது ஒரு பதிலாய் இருக்குமாம். "இனிமையான அனுபவம் ரெண்டு மூண்டு காணும் அக்கா" எண்டு போனிலை அந்தப் பிள்ளை சொன்னது. இனிமையாம்! பிறந்தநாள் பார்ட்டிக்கு ரோல்ஸ் சுத்துற வேலை எண்டு நினைச்சிட்டுது போலை.

நாலு நாளாய் எழுதுறன். எழுதுறன் எண்டுறது பொய், நடக்கிறன். ஒரு வசனம் எழுத யன்னலடிக்குப் போறன், ரெண்டாம் வசனத்துக்குக் குசினிக்குப் போறன். "இருந்து எழுதுமப்பா, உம்மைப் பாக்க எனக்குத் தலை சுத்துது" எண்டு இவர் சோபாவிலை இருந்து கத்துறார். இருக்க ஏலுமெண்டால் ஏன் நடக்கிறன்? எனக்கு எழுதக் கிடக்கிறது உண்மையிலை ஒரே ஒரு விசயம். அவை இதை அடிக்க மாட்டினம் எண்டு தெரியும். அடிக்காட்டிப் போகட்டும்.

படிச்ச கதையைச் சுருக்கமாய்ச் சொல்லுறன். ஊரிலை நான் இங்கிலிஷ் ரீச்சர். இந்த வெள்ளைக்கார நாட்டிலை துன் எண்ட ஊருக்கு வந்து ஏரிக்கரை ஹோட்டல் ஒண்டிலை ஒன்பது வருசம் கட்டில் விரிப்பு மாத்தினனான். அறை துடைச்சுக் கொண்டே டொச், அதுதான் ஜெர்மன் மொழி, பாடமாக்கினனான். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்கட சனத்துக்குத் துணையாய்ப் போய்ப் போய், பிறகு ஒழுங்காய் கோர்ஸ் செய்து டொல்மெட்சர் ஆனனான். டொல்மெட்சர் எண்டால் ரெண்டு பேருக்கு நடுவிலை இருந்து, ஒருத்தர் சொல்லுறதை மற்றவருக்கு வாயாலை மொழிபெயர்க்கிற ஆள். தமிழ், இங்கிலிஷ், டொச், மூண்டும் எனக்குக் கை வந்தது.

எங்கட ஏஜென்சிக்குப் பொறுப்பாய் இருந்தவ ஃப்ராவ் கெல்லர். மெலிஞ்ச மனுசி, ஒருநாளும் குரல் உயத்த மாட்டா. வேலைக்குச் சேந்த முதல் நாளே மூண்டு விசயம் சொன்னவ: கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், மாத்தவும் வேண்டாம். விளங்காத சொல் வந்தால் அந்தச் சொல்லை அப்பிடியே சொல்லிப்போட்டு, சொன்ன ஆளிட்டையே விளக்கம் கேக்க வேணும். ஆள் நீளமாய்க் கதைச்சால் உள்ளங்கையைக் காட்டி நிப்பாட்டலாம். ஆனால் மொழிபெயர்த்து முடிச்ச உடனை, "நீங்கள் இன்ன இடத்திலை நிண்டனீங்கள்" எண்டு கதையின்ரை நூலைத் திருப்பி அவையின்ரை கையிலை குடுக்க வேணும். கதிரையைக் கூட ஒஃபிசர் பக்கமும் போடக் கூடாது, மற்றப் பக்கமும் போடக் கூடாது. மேசையின்ரை ஓரத்திலை, ரெண்டு பேரையும் பாக்கிற மாதிரிப் போட வேணும்.

அவவிட்டை இன்னொரு பழக்கம் இருந்தது, அதுதான் என்னைக் கொல்லுறது. நாங்கள் ஏதும் சாட்டுச் சொன்னால் ஏச மாட்டா. நாங்கள் சொன்ன வசனத்தையே ஒரு சொல்லும் மாறாமல் திருப்பிச் சொல்லுவா. எங்கட சாட்டு எங்கட காதுக்கே நாறும்.

முதல் அடி ஒரு பள்ளிக்கூடத்திலை விழுந்தது. எங்கட தகப்பன் ஒருத்தர், பெடியன் வீட்டுப்பாடம் செய்யிறதில்லை எண்டு ரீச்சர் சொன்ன உடனை, "வீட்டை போய் இவன்ரை தோலை உரிக்கிறன்" எண்டார். நான் விதிப்படி, கூட்டாமல் குறைக்காமல், தோலை உரிக்கப் போறார் எண்டு டொச்சிலை சொல்லிப்போட்டன். ரீச்சற்றை முகம் வெளிறிப் போச்சு. பிள்ளைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அடிக்கப் போனைக் கையிலை எடுத்திட்டா. "ஐயோ, அது சும்மா வாய்ப்பேச்சு" எண்டு நான் விளங்கப்படுத்தி முடிக்க அரை மணித்தியாலம் போச்சு. தகப்பன் பாவம், "அக்கா, நான் ஒரு ஈர்க்காலை கூட இவனுக்கு அடிச்சதில்லை" எண்டு அழுவாரைப் போலை நிண்டார்.

"சொன்னதைத்தானே சொன்னனான்" எண்டு நான் ஃப்ராவ் கெல்லரிட்டைச் சொன்னன். "சொன்னதைத்தானே சொன்னீங்கள்" எண்டு அவவும் சொன்னா. அண்டைக்கு நான் ஒரு முடிவெடுத்தன். சொல்லை மட்டும் தூக்கிக் குடுத்தால் காணாது, அதுக்குப் பின்னாலை கிடக்கிற சனத்தின்ரை வாழ்க்கையையும் நான்தான் தூக்கிக் குடுக்க வேணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. அதிலைதான் பிறகு நான் விழுந்தனான்.

இனிச் சொல்லப் போறதிலை பேரையும் இடத்தையும் மாத்தித்தான் சொல்லுறன். சத்தியம் செய்து குடுத்த வேலை.

நான் பென்சன் எடுக்க மூண்டு வருசம் கிடக்கேக்கை நடந்தது. அகதி விசாரணை ஒண்டு. நைஜீரியாவிலையிருந்து வந்த ஒரு பொம்பிளை, இக்போ இனம். சின்வே எண்டு வைப்பம். இக்போ மொழி டொல்மெட்சருக்கு அண்டைக்குக் காய்ச்சல். அவ இங்கிலிஷிலையே கதைக்கிறன் எண்டு சம்மதிச்சபடியால் என்னைக் கூப்பிட்டினம். அறைக்குள்ளை ஒஃபிசர், கொம்பியூட்டரிலை தட்டுற பிள்ளை, சின்வேயின்ரை சட்டத்தரணி, சின்வே, நான். அவவின்ரை மூண்டு வயசுப் பொம்பிளைப்பிள்ளை வெளியிலை விளையாட்டு மூலையிலை இருந்தது. தாயும் பிள்ளையும் இஞ்சை இருக்கலாமோ, திரும்பிப் போக வேணுமோ எண்டது அண்டைக்கு எழுதப்படுற தாளிலைதான் தங்கியிருந்தது.

வடிவான, நிமிந்த பொம்பிளை. ஆறுதலாய்க் கதைச்சா. "என்ரை மனுசன் டியாலா" எண்டு துவங்கினா. டியாலா எண்டால் மண்ணுக்குச் சொந்தமானவை, சுதந்திரமாய்ப் பிறந்தவை எண்டு அவவே விளக்கம் சொன்னா. அதுக்குக் கீழை ஓஹு எண்டு ஒரு பகுதி இருக்காம், பூட்டன் காலத்திலை விலைக்கு வாங்கின அடிமையளின்ரை பரம்பரை. "நாங்கள் அதுவும் இல்லை. நாங்கள் ஓசு. ஓசுவோடை டியாலா கலியாணம் செய்ய மாட்டினம். ஊர்ச் சபையிலை வந்த ஆக்களுக்குக் கோலாக்கொட்டை உடைச்சுக் குடுக்கிறது பெரிய மரியாதை, அதை எங்கட ஆம்பிளையள் உடைக்கேலாது. பட்டம் எடுத்துச் சிவப்புத் தொப்பி போடேலாது. கன ஊர்களிலை புதைக்கிற இடமும் வேறை. ஏனெண்டால்..."

அந்த "ஏனெண்டால்" இலைதான் நான் உள்ளங்கையைக் காட்டினனான். நீளமாய்ப் போச்சு, மொழிபெயர்க்க வேணும் எண்டு நிப்பாட்டினன்.

இப்ப ஒண்டு சொல்ல வேணும், வெக்கத்தோடைதான் சொல்லுறன். அந்தக் கிழமைதான் என்ரை மூத்தவன் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினவன். நொஷாட்டலிலை பிறந்து வளந்த எங்கட தமிழ்ப் பிள்ளை, நல்ல குணம், மருந்தாளர் வேலை. நான் சிரிச்சுக் கதைச்சு, வடையும் ரீயும் குடுத்து அனுப்பினன். கதவு சாத்தினதுதான் தாமதம், நொஷாட்டலிலை இருக்கிற சிநேகிதிக்குப் போன் எடுத்தன். "ஊரிலை எவடமாம்?" எண்டு கேட்டன். எங்கட சனத்துக்கு இதுக்கு விளக்கம் தேவையில்லை. எவடம் எண்டு கேட்டால் சாதி கேக்கிறம். அவள் விசாரிச்சுச் சொல்லுறன் எண்டவள். அந்தப் பதிலுக்காகக் கைப்பைக்குள்ளை போனை வைச்சுக் கொண்டுதான் நான் அந்த விசாரணை அறைக்குள்ளை இருந்தனான்.

கலியாணம் இல்லை, சபையிலை இடம் இல்லை, சுடலை வேறை எண்டு கேட்ட உடனை எனக்கு எல்லாம் விளங்கினது. விளங்கினது எண்டு நினைச்சன். எனக்குத் தெரியாததோ உது? பிறந்த நாளிலையிருந்து பாத்ததுதானே! ஓசு எண்ட சொல்லை அப்பிடியே சொல்லாமல், அந்த இடத்திலை "தீண்டத்தகாத சாதி" எண்டதுக்கு டொச்சிலை இருக்கிற சொல்லைத் தூக்கிப் போட்டன். ஒஃபிசர் தலையாட்டினார். அவருக்கும் விளங்கிப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ளை ஒரு பெருமையும் வந்தது, பொய் சொல்லேல்லை.

நூலை நான் திருப்பிக் குடுக்கேல்லை. "ஏனெண்டால்" எண்டு நிண்டனீங்கள் எண்டு சொல்ல மறந்து போனன். ஒஃபிசர் தன்ரை கேள்விக்குத் தாவினார்.

"உங்களை மற்றவையோடை ஒரே கிணத்திலை தண்ணி அள்ள விடுவினமோ?"

"ஓம், எல்லாரும் ஒண்டாத்தான் அள்ளுறது" எண்டா சின்வே. ஏன் இதைக் கேக்கினம் எண்டு என்னைப் பாத்தா.

"உங்கட பரம்பரைத் தொழில் என்ன?"

"அப்பா ஹெட்மாஸ்ரர். அப்பப்பா பாதிரியாரோடை இருந்து படிச்சவர்."

"மற்றவை உங்கட வீட்டிலை சாப்பிடுவினமோ?"

"சாப்பிடுவினம். எங்கட வீடு மேல்வீடு வைச்ச பெரிய வீடு. எல்லாரும் வருவினம்."

ஒஃபிசர் பேனையை மேசையிலை வைச்சார். கெட்ட மனுசன் இல்லை, குரலிலை ஒரு கடுமையும் இல்லை. "தீண்டத்தகாதவர் எண்டு சொன்னீங்கள். ஆனால் தகப்பன் ஹெட்மாஸ்ரர், எல்லாரும் வந்து சாப்பிடுகினம். இது எப்பிடிப் பொருந்தும்?" எண்டு கேட்டார். நான் அதை இங்கிலிஷிலை, "ஓசு எண்டு சொன்னீங்கள், ஆனால்..." எண்டு திருப்பினன். அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. "ஓம், ஓசுதான். அப்பாவும் ஓசு, ஹெட்மாஸ்ரரும்தான். அதிலை என்ன?" எண்டா. ரெண்டு பேரும் ரெண்டு சுவரோடை கதைச்ச மாதிரிப் போச்சு. சுவரைக் கட்டினது நான்.

மிச்சத்தையும் சொன்னா. அவையளிலை கலியாணத்துக்கு முதல் மாப்பிளை பக்கத்தார் பொம்பிளையின்ரை ஊருக்கு ஆள் அனுப்பி ஆர் எவர் எண்டு விசாரிக்கிறதாம். இவை ரெண்டு பேரும் அதுக்கு இடம் வைக்காமல் லேகோசிலை சேர்ச்சிலை கட்டிப் போட்டினம். பிள்ளை பிறந்த பிறகு ஆரோ விசாரிச்சிருக்கினம். ஓசுவைக் கட்டின டியாலாவும் ஓசுவாய்ப் போயிடுவானாம், பிள்ளையும் அப்பிடித்தான். மனுசன்ரை தமையன்மார் வந்து அவரை ஏத்திக் கொண்டு போச்சினம். பிறகு அவற்றை குரலே இல்லை. அந்தப் பிள்ளை தங்கட வளவுக்குள்ளை கால் வைச்சால் உயிரோடை திரும்பாது எண்டு சொல்லி அனுப்பினவையாம். சட்டம் இதையெல்லாம் எப்பவோ ஒழிச்சிட்டுது எண்டு அவவே சொன்னா. "சட்டம் கலியாணத்துக்குப் பொம்பிளை விசாரிக்க வாறதில்லையே" எண்டும் சொன்னா. "ஊரிலை எவடமாம்?" எண்டு நானே கேட்ட கேள்வி என்ரை காதுக்குள்ளை கேட்டது. வாய் மட்டும் மொழிபெயர்த்துக் கொண்டு இருந்தது.

விசாரணை முடிய, எழுதினதை முழுக்க வாசிச்சுக் காட்டுறது வழக்கம். டொல்மெட்சர் டொச் தாளைப் பாத்து ஒவ்வொரு பக்கமாய்த் திருப்பிச் சொல்ல, அவை சரி எண்டு கேட்டுக் கையெழுத்து வைக்க வேணும். பிழை பிடிக்கத்தான் இந்த ஒழுங்கு. ஆனால் பிழை விட்ட ஆளே வாசிச்சால்? ஆறாம் பக்கத்திலை "தீண்டத்தகாத சாதி" எண்டு டொச்சிலை கிடந்தது. என்ரை வாய் பழக்கத்திலை "ஓசு" எண்டு இங்கிலிஷிலை சொன்னது. அவ தன்ரை சொல்லைத்தான் கேட்டா. தலையாட்டினா. கையெழுத்து வைச்சா.

அந்த நேரம் எனக்குச் சுரீர் எண்டது. தாளிலை கிடக்கிறது ஒண்டு, நான் சொன்னது ஒண்டு. அப்பவே கையைத் தூக்கி, "டொல்மெட்சரின்ரை பிழை, திருத்த வேணும்" எண்டு சொல்லியிருக்கலாம். ரெண்டு நிமிச வேலை. நான் சொல்லேல்லை. இருபத்துநாலு வருசமாய் ஒரு பிழையும் எழுதப்படாத பேர் எண்ட மண்டைக்கனம் ஒரு பக்கம். மற்றப் பக்கம், அந்தச் சொல்லை எங்கையிருந்து எடுத்தனீங்கள் எண்டு அந்த வெள்ளைக்கார அறைக்குள்ளை கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? மடியிலை கனம் கிடந்தது. டொல்மெட்சருக்கு எண்டு விட்ட கோட்டிலை நானும் கையெழுத்து வைச்சன்.

வெளியிலை நடையிலை பிள்ளைக்கு ஜக்கெற் போட்டுக் கொண்டு சின்வே என்னைக் கேட்டா, "ஏன் தண்ணியைப் பற்றிக் கேட்டவர்?" விசாரணைக்கு வந்த ஆக்களோடை நாங்கள் தனியக் கதைக்கக் கூடாது. அவ தன்பாட்டிலை சொன்னா: "எங்கட ஆக்களை முந்தி ஒரு தெய்வத்துக்குக் குடுத்தது. தெய்வத்தின்ரை சொத்து. அடிக்கப் பயப்பிடுவினம், ரத்தம் சிந்த விடமாட்டினம். தண்ணிக்கும் அதுக்கும் என்ன?" எண்டா.

நேர்ந்து விட்டவை! எங்கட தமிழிலையே சொல் கிடக்கே. தெய்வத்துக்கு நேர்ந்து விட்ட மனுசர், அவையின்ரை பிள்ளையள், பேரப்பிள்ளையள். அவவின்ரை "ஏனெண்டால்" அதுதான். நான் கையைக் காட்டி நிப்பாட்டி, அந்த இடத்திலை என்ரை ஊரை வைச்சிட்டன். விசாரணை நடந்த பேர்ணிலையிருந்து துன்னுக்கு வாற ரெயினிலை நான் இருக்கேல்லை. கதவடியிலை நிண்டு கொண்டே வந்தனான்.

நொஷாட்டல்காரி அண்டைக்குப் பின்னேரம் போன் எடுத்தவள். கேக்கேல்லை, வேண்டாம் எண்டு வைச்சிட்டன் எண்டு எழுத எனக்கும் ஆசைதான். கேட்டனான். கேட்டு முடிச்சிட்டுத்தான் வைச்சனான். மகன் என்னட்டை ஒரு சொல்லும் கேக்காமல் அந்தப் பிள்ளையைக் கட்டினவன், நல்லாய் இருக்கினம். நான் என்ன பதில் கேட்டனான் எண்டு அவைக்கு இண்டைக்கும் தெரியாது.

மூண்டு நாள் நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஆற்றங்கரையிலை மேலும் கீழும் நடந்தன். "என்னப்பா, ஆரும் செத்துப் போச்சினமோ?" எண்டு இவர் கேட்டார். நாலாம் நாள் காலமை ஃப்ராவ் கெல்லரின்ரை அறைக்குப் போய், இருக்கச் சொல்லியும் இருக்காமல் நிண்டன்.

"அந்த அம்மா சொல்லாத சொல்லை நான் சொல்லிப்போட்டன்."

"அந்த அம்மா சொல்லாத சொல்லை நீங்கள் சொல்லிப்போட்டீங்கள்."

"வாசிச்சுக் காட்டேக்கையும் மறைச்சுப் போட்டன்."

"வாசிச்சுக் காட்டேக்கையும் மறைச்சுப் போட்டீங்கள்."

பிறகு, "அந்தச் சொல்லை எங்கையிருந்து எடுத்தீங்கள்?" எண்டு கேட்டா.

"என்ரை ஊரிலையிருந்து" எண்டன்.

அதை மட்டும் அவ திருப்பிச் சொல்லேல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எனக்கு முன்னாலை வைச்சா. என்ன நடந்தது எண்டு ஒளிக்காமல் எழுதினன். எந்தப் பக்கம், எந்தச் சொல், பிழை ஆற்றை, எல்லாம். அது போக வேண்டிய இடத்துக்குப் போச்சு. அதோடை என்னை அகதி விசாரணை லிஸ்ரிலையிருந்து எடுத்தினம், பென்சன் எடுக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும்தான். சின்வேயை இக்போ டொல்மெட்சரோடை திரும்பக் கூப்பிட்டினம் எண்டு மட்டும் கேள்விப்பட்டன். பிறகு என்ன நடந்தது எண்டு ஆரும் எனக்குச் சொல்ல மாட்டினம். கேக்கவும் எனக்கு வாய் இல்லை. தாயும் பிள்ளையும் எந்த நாட்டிலை நிக்கினமோ எண்டு யோசிச்சு யோசிச்சு ரெண்டு வருசம் போச்சு.

ஒருநாள் பின்னேரம் துன் ஸ்டேசனடியிலை பஸ்ஸுக்கு நிக்கிறன். ஆரோ என்ரை தோளைத் தொட்டினம். சின்வே! பக்கத்திலை முதுகிலை பள்ளிக்கூடப் பையோடை அந்தப் பிள்ளை, நெடுத்துப் போச்சு.

"இருக்க விட்டிட்டினம்" எண்டா. ஹோட்டல் ஒண்டிலை குசினி வேலையாம். எனக்குக் கண் நிறைஞ்சு போச்சு, கடவுளே எண்டு வாய்விட்டுச் சொன்னன். புருசனைப் பற்றி நான் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை.

"ரெண்டாந்தரம் கூப்பிட்டு, முதல் நாள் எழுதினதை வாசிச்சுக் காட்டினவை" எண்டா. "ஆறாம் பக்கம் என்னைப் பற்றி எழுதியிருந்ததை அப்பதான் கேட்டனான்."

"பிழை என்ரை எண்டு எழுதிக் குடுத்தனான்."

"தெரியும். அதையும் வாசிச்சவை." பிறகு, "ஒண்டு கேக்கட்டோ? உங்கட சனத்துக்குள்ளை நீங்கள் ஆர்? டியாலாவோ, ஓசுவோ?" எண்டா.

இஞ்சை வந்த நாளிலையிருந்து, உங்களுக்குள்ளையும் சாதி இருக்காமே எண்டு வெள்ளைக்காரர் கேக்கிற நேரமெல்லாம், "அதெல்லாம் இப்ப இல்லை" எண்டு சொல்லிச் சொல்லிப் பழகின வாய். அந்த வசனம் நுனி நாக்குக்கு வந்தது. விழுங்கினன்.

"டியாலா" எண்டன்.

அவ கோவிக்கேல்லை. மெல்லத் தலையாட்டினா. "அப்பிடித்தான் நினைச்சனான். என்னை மாதிரி ஒரு ஆளெண்டால், எனக்கு அந்தச் சொல்லை வைக்க முதல் என்னை ஒருக்காக் கேட்டிருப்பா."

பஸ் வந்தது. பிள்ளையைக் கையிலை பிடிச்சுக் கொண்டு ஏறினா. அது என்ரை பஸ்ஸும்தான். நான் ஏறேல்லை.